பச்சை இலை

டேஷ்போர்டில் ஒரு பச்சை இலை.
பொத்தானை அமுக்கினால் துளிர்க்கும்,
இன்னொருமுறை அமுக்கினால் உதிரும்.
வேர் எங்கே இருக்கிறதென்று
வண்டி விற்றவனும் சொல்லவில்லை.

பகல் என்னுடையது, இரவு டில்லிபாபுவினுடையது.
காலை ஆறுக்குக் காலடிப்பேட்டையில் சாவி கைமாறும்.
நான் சீட்டை முன்னால் இழுப்பேன்,
மாலையில் அவன் பின்னால் தள்ளுவான்.
நீளக் கால் அவனுக்கு.

"இலை எரிஞ்சா பெட்ரோல் மிச்சம்டா" என்பேன்.
"இன்னாக்கா, இலை மொளைச்சா டேங்கு ரொம்பிடுமா?
வண்டிக்கு சோம்பேறித்தனம் கத்துக்குடுக்குற பட்டன் அது."
வாரக்கடைசியில் பெட்ரோல் காசைப் பிரிக்கும்போது
யார் கால் அதிகம் குடித்ததென்று
பேச்சு தடிக்கும்.

ஆகவே ஒரு நோட்டு.
என் மகளுடையது, முன்பக்கம் முழுக்கப் பின்னங்கள்.
பின்பக்கத்திலிருந்து எங்கள் கிலோமீட்டர்.
ஒரே பங்க், ஒரே குழாய்,
கிளிக்கென்று தானாக நிற்கும்வரை,
அதற்குமேல் ஒரு சொட்டு கூடாது.
முதல் வாரம் இலையோடு,
மறுவாரம் இலையில்லாமல்.

இலையோடு போன வாரம்
மாட்டுமந்தை மேம்பாலத்தில் வண்டி யோசித்தது,
கூப்பிட்டால் "ம்" மட்டும் சொல்லும்
என் வீட்டுக்காரர் மாதிரி.
மூன்று பேர், ஐஸோடு ஒரு மீன்கூடை.
மிதித்தேன். இன்னும் மிதித்தேன்.
சேர்த்ததையெல்லாம் ஏற்றத்தில் கொட்டிவிட்டேனோ என்று
இறக்கம் முழுக்க வயிற்றைப் பிசைந்தது.

எர்ணாவூரில் ஏறிய அம்மாள்
"இது ஏசியா, ஃபேனா?" என்றார்.
இலை குளிரையும் கொஞ்சம் தின்னும் என்று
எப்படிச் சொல்ல?
ஒரு நட்சத்திரத்தைக் குறைத்துவிட்டு இறங்கினார்.

டோல்கேட்டில் கன்டெய்னர் வரிசை,
துறைமுகம் வாய் திறக்கும்வரை.
ஐம்பது நிமிடம் ஓரடி நகரவில்லை,
இலை மட்டும் பச்சையாய் எரிந்தது.
நிற்கிற வண்டிக்கு லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர்?
மேலே பூஜ்ஜியம், கீழே பெட்ரோல்.
மகளின் பின்னங்களில் இதற்கு விடையில்லை.
எஞ்சினை அணைத்தேன்.
இலையும் போயிற்று.
தூரத்தில் மணலிப் பக்கம்
புகைபோக்கியின் உச்சியில் ஒரு தீ
கேட்பாரில்லாமல் எரிந்துகொண்டிருந்தது.
அதற்குப் பொத்தான் யாரிடம் இருக்கிறதோ.

இரண்டாம் வாரம் முடிந்து
டீக்கடை பெஞ்சில் வகுத்தோம்.
இலையோடு பதினைந்து புள்ளி ஒன்பது.
இல்லாமல் பதினைந்து புள்ளி எட்டு.
இந்த ஒரு புள்ளிக்காகவா
பதினான்கு நாள் முகம்கொடுத்துப் பேசவில்லை?

டில்லிபாபு கிளாஸைப் பாதியில் வைத்தான்.
"கோச்சுக்காதக்கா.
மொத வாரம் நைட்ல நான் ஆஃப் பண்ணிட்டேன்.
வியாசர்பாடில ஒரு அவசர சவாரி, வண்டி எழும்பல.
அப்புறம் அப்படியே வுட்டுட்டேன்."

நான் சிரிக்கவில்லை.
இரண்டாம் வாரம் பகலில் இரண்டு நாள்,
சரி, நான்கு நாள்,
நானும் இலையைத் துளிர்க்கவிட்டிருந்தேன்,
சாவி தருமுன் உதிர்த்துவிட்டு.

அப்போது இந்த நோட்டில் இருப்பது எதன் கணக்கு?
அதற்கு முந்தைய மாதத்து பில்களை
அவன் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து உருவினான்.
மறுபடி வகுத்தோம்.
பதினான்கு புள்ளி ஒன்று.

கொஞ்சநேரம் இரண்டு பேரும்
எங்கள் செருப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.
எழுதப்போகிறார்கள் என்று தெரிந்து
சிக்னல் சிவக்கும் முன்பே தளர்ந்த கால்கள்.
தேரடியில் முந்தாமல் விட்ட பஸ்ஸை
நான் மட்டும்தான் நினைத்துக்கொண்டேனா, தெரியாது.

"நோட்டுல எத்தனை பக்கம் பாக்கி?" என்றான்.
"பதினொண்ணு."

சீட்டை முன்னால் இழுத்தேன்.
மீன் வாசம் இன்னும் போகவில்லை.
பொத்தான்மேல் தூசி.
துடைத்ததில் தானாக அமுங்கி
இலை துளிர்த்தது.
விட்டுவிட்டேன்.